மூன்றாவது ஷீட்டில் நீ என்ன செய்தாய், ஸ்டெல்லா?

என் அருமைச் சம்பந்தியம்மா ஸ்டெல்லாவுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். கேட்காமல் ஆரம்பித்தால், "இன்னா சம்பந்தி, மரியாதை கொறையுது" என்பாய். அதனால் கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்படி எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. உனக்கென்று எழுதினாலும் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம்ம கம்பெனியில் இருக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதலில் கெட்ட செய்தி. உன் பெயர் அங்கே ஒரு தப்புக்குப் பெயராகிவிட்டது. மிக்ஸிங் ரூமில் யாராவது தூளைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், "பாத்துடி, ஸ்டெல்லா ஆயிடப் போவுது" என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்களில் பாதிப் பேருக்கு ஸ்டெல்லா என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. ஏதோ ஆங்கில வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ அந்தத் தப்பைச் செய்யவில்லை என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. செய்தவள் நான். முழுவதும் நானா என்று கேட்டால், அந்த இடத்தில்தான் தலை சுற்றுகிறது. அதைத்தான் உன்னிடம் கேட்க வந்தேன்.

வெளியாட்கள் படித்தால் புரிய வேண்டுமே, கொஞ்சம் பொறு. ஒரகடத்தில் பெரிய கார் கம்பெனிகளின் பின்பக்கம், லாரிகள் திரும்புகிற சாலையில், நம்முடையது ஒரு சின்ன கம்பெனி. ரப்பரோடு மாவு போன்ற இரும்புத் தூளைக் கலந்து, ரோலரில் விட்டு, சூடேற்றி இறுக்கிக் கறுப்பாக ஒரு ஷீட் செய்கிறோம். பார்க்கிறவர்கள் மிதியடி என்பார்கள். என் மாமியார் ஒரு துண்டை வாசலில் போட்டே விட்டார்கள். ஆனால் அதன் வேலை மைக்ரோவேவ் அலையை விழுங்குவது. இப்போது வருகிற கார்களில் முன்னால் போகிற வண்டியைக் கவனிக்க ரேடார் இருக்கிறது. அது அனுப்புகிற அலை பம்பருக்குள் இருக்கிற இரும்பிலேயே பட்டுத் திரும்பினால், ரோட்டில் இல்லாத வண்டியை இருப்பதாகக் காட்டிவிடும். அந்த இடத்தில் நம்ம ஷீட்டை ஒட்டினால் அலையை உள்ளே வாங்கிக்கொண்டு, துளி சூடாகி, அதோடு முடித்துவிடும்.

தூள் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். குறைந்தால் சரியாக விழுங்காது. கூடினால் நிறைய விழுங்கும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அதுதான் இல்லை. அளவுக்கு மேல் போனால் ஷீட்டே தகடு மாதிரி ஆகி, வந்த அலையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அதனால் ஒவ்வொரு தட்டுத் தூளையும் தராசில் நிறுத்துப் போட வேண்டும். போட்டவள் நீ. அந்த ஷீட்டைச் சோதித்துச் சரி, தப்பு என்று சொன்னவள் நான். ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

மதியம் நீ கை கழுவினால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். ஆஸ்பத்திரியில் உனக்கு ரத்தத்தில் இரும்புச் சத்து போதாது என்று மாத்திரை கொடுத்த அன்றைக்கு நீ செய்த கலாட்டா எனக்கு மறக்காது. "நாள் பூரா இரும்புலதான் கீறேன், இன்னும் எங்கேந்து சேக்கறது?" என்று கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய். நான் உட்காருகிற டெஸ்டிங் ரூமைப் பலாப்பழத்துக்குள் புகுந்த மாதிரி இருக்கிறது என்பாய். சுவர் முழுக்கக் கறுப்பு ஃபோம் கூம்பு கூம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். சோதிக்கிற அலை தவிர வேறு எந்த அலையும் எதிலும் பட்டுத் திரும்பக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. உன் ஜெனிக்கும் என் கார்த்திக்கும் முடிச்சுப் போட்டு, அதுகள் அ ஆ படிக்கும்போதே நாம் சம்பந்தியானதும் அந்த ரூமில்தான். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் என்று நான் முறைப்பாக உட்கார்ந்தால், நீ முந்தானையைப் போர்த்திக்கொண்டு "வாங்க, ஒக்காருங்க" என்பாய்.

போன வருஷ ஆயுத பூஜைக்கு டெஸ்டிங் ரூமை நான் அலங்கரித்தேன். வாசலில் நீ கோலம் போட்டாய். "சிலுவைக்காரி போட்ட கோலத்த சரஸ்வதி ஏத்துக்குமா?" என்று சீண்டினேன். "உன் கோலத்தவிட நேரா கீது. கண்ணு இருந்தா ஏத்துக்கும்" என்றாய். ஷீட்டை வைத்துச் சோதிக்கிற மேடையின் கீழ்ப்பக்கம் ஃபோம் கிழிந்து கிடந்தது. முதலாளி வருவாரே, அசிங்கமாகத் தெரியுமே என்று அந்த இடத்தில் வெள்ளி ஜிகினா பேப்பரைப் பட்டையாக ஒட்டினேன். தினமும் காலையில் மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு மாஸ்டர் ஷீட் வைத்திருக்கிறோம் இல்லையா, அதையும் சாமி முன்னால் சாய்த்து வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சோறு போடுகிறது அதுதானே.

விடுமுறை முடிந்து வந்த காலையில் மாலையைக் கழற்றினேன், மாவிலையைக் கழற்றினேன். குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்கிற இடத்தில் இருந்த ஜிகினாவை மறந்தேன். மாஸ்டர் ஷீட்டில் குங்குமம் காய்ந்து பொட்டாக நின்றது. சாமிக்கு வைத்ததை உடனே ஈரத்துணி போட்டு அழிக்க மனசு வரவில்லை. சனிக்கிழமை துடைத்துக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்தேன். ஆனால் ரெஜிஸ்டரில் எப்போதும் போல "மாஸ்டர் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பூட்டிக் கிடந்த ரூமில் என்ன மாறியிருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அந்த வாரம் முதலில் வந்தது உன்னுடைய மூன்று பேட்ச். புதிய கஸ்டமருக்கான மெல்லிய ஷீட். முதல் ஷீட்டை மேடையில் வைத்தேன். திரையில் கோடு பள்ளமாகக் கீழே இறங்க வேண்டும். ஆழம் கூடக் கூட ஷீட் நன்றாக விழுங்குகிறது என்று அர்த்தம். இறங்கவே இல்லை. நிறைய அலை திரும்பி வந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் பாலாஜி சார் வந்து பார்த்தார்.

"மாஸ்டர் பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்."

அவ்வளவுதான் ஸ்டெல்லா. ஒரு வார்த்தை. அதைச் சொல்லும்போது எனக்கு வேர்க்கக்கூட இல்லை. பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை. நேரமில்லாதபோது பார்க்காமல் எழுதுவது புதிதா என்ன? கேட்ட கேள்விக்கு வாய் தானாகப் பதில் சொன்னது.

இரண்டாவதும் அப்படியே. அன்றைக்கு நீயே டெஸ்டிங் ரூமுக்கு வந்தாய். "நான் சரியாத்தான் போட்டேன் சம்பந்தி. ஒவ்வொரு தட்டும் எண்ணி எண்ணிப் போட்டேன்" என்றாய். மேடைப் பக்கம் குனிந்துகூடப் பார்த்தாய். அப்போது உன் கண்ணில் அந்த ஜிகினா பட்டதா? பட்டிருந்தால் ஏன் கேட்கவில்லை? டெஸ்டிங் ரூமைப் பற்றி இவளுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டாயா? இல்லை, தெரிந்தே என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தாயா? அவ்வளவு நல்லவளும் இல்லையே நீ. என் டிபன் பாக்ஸில் இருந்து வடையைத் திருடிவிட்டு மாதா மேல் சத்தியம் செய்தவள்தானே.

மூன்றாவது பேட்சும் தப்பாக வந்ததும் பேப்பர் தயாரானது. தூளை அளவுக்கு மேல் போட்டதாக நீ ஒத்துக்கொள்ள வேண்டும். நீ கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாய். அப்போது யார் உன்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனது என்று இப்போது சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நான்தான்.

"ஒரு பேப்பர்தானே ஸ்டெல்லா. போட்டுட்டு வேலையப் பாரு. ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துடுவாங்க."

"செய்யாததுக்கு எப்படிடி போடறது?"

"மிஷின் பொய் சொல்லுமா?"

நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாய். என்னை நம்பிப் போட்டாயா, மிஷினை நம்பிப் போட்டாயா, சலித்துப்போய்ப் போட்டாயா? மறுநாள் உன்னை மிக்ஸிங்கில் இருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அந்த வாரக் கடைசியில் புது ஃபோம் வந்தது. மெயின்டனன்ஸ்காரர்கள் கிழிந்த இடத்தின் மேலேயே அதை வைத்து ஒட்டிவிட்டுப் போனார்கள். ஜிகினா உள்ளே மறைந்தது. அதற்குப் பிறகு மிக்ஸிங்குக்கு வந்த வேறொரு பெண் கலந்த பேட்ச் அழகாகத் தேறியது. பார்த்தீர்களா, ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது என்று எல்லோரும் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். சனிக்கிழமை மாஸ்டர் ஷீட்டில் இருந்த குங்குமத்தைத் துடைத்துச் சோதித்தேன். அதுவும் சரியாக வந்தது. சொன்ன பொய் உண்மையாகவே இருந்துவிட்டது என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. என்னை நாலு சாத்து சாத்தலாம் போல் இருக்கிறது இப்போது.

பேக்கிங்கில் நீ நான்கு மாதம் இருந்தாய். டேப் ஒட்டுவாய், அட்டைப் பெட்டியை மடிப்பாய். கேன்டீனில் என் பக்கத்தில்தான் உட்காருவாய், ஆனால் சத்தம் குறைந்துவிட்டது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தலைவலி என்று வடக்குப்பட்டில் வீட்டில் படுத்தாய். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். வியாழக்கிழமை நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது போன் வந்தது. ஆட்டோவில் ஏறினேனா, யார் காசு கொடுத்தது என்று ஒன்றும் நினைவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் அருள் அண்ணன் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "கடைசி வரைக்கும் அந்தத் தட்டத்தான் எண்ணிக்கினு இருந்தாம்மா. சோறு துன்னும்போதுகூட வெரல மடக்கி மடக்கி எண்ணுவா. எங்க தப்பு வுட்டேன்னு தெரியலயேன்னு கேப்பா. நான் இன்னா சொல்றது?" அன்றைக்கு நான் அழுதேன். தோழி போய்விட்டாளே என்றுதான் அழுதேன். வேறு காரணம் இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

இனிமேல் சொல்லப்போவது நீ அறியாத பகுதி.

டெஸ்டிங் ரூமைப் புது ஷெட்டுக்கு மாற்றுகிறார்கள். போன வாரம் மேடையைப் பிரித்தார்கள். ஃபோமை உரித்ததும் உள்ளே வெள்ளிப் பட்டை. டேப் ஒட்டிய இடத்தில் என் விரல் ரேகைகூட இருந்தது. பேப்பர் என்று பெயரே தவிர, பிளாஸ்டிக்கின் மேல் அலுமினியம் பூசியது அது. கண்ணாடி மாதிரி அலையைத் திருப்பி அடிக்கும். டிப்ளமோ படித்தவள், பத்து வருஷமாக இதே வேலை, எனக்குத் தெரியாதா? ஒட்டிய அன்றைக்கு அது எனக்கு அலங்காரமாக மட்டும்தான் தெரிந்தது. உன் ஷீட் ஒழுங்காக விழுங்கியிருக்கிறது. திரும்பி வந்தது ஷீட்டின் ஓரமாகத் தப்பிப் போய் என் ஜிகினாவில் பட்ட அலை.

அதைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்டோருக்கு ஓடினேன். தேறாத ஷீட்களை ஓரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். உன்னுடைய மூன்றும் அங்கேயே இருந்தன. லேபிளில் உன் கையெழுத்து, வழக்கம் போல மூலையில் குட்டிச் சிலுவை. நாங்கள் பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில் நீ சிலுவை போடுவாயே. புது மேடையில் மாஸ்டர் ஷீட்டை முதலில் வைத்துப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன், இரண்டு தடவை. பிறகு உன் முதல் ஷீட்டை வைத்தேன். கோடு சர்ரென்று கீழே இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. அவ்வளவு சுத்தமான ஷீட்.

மூன்றாவதை வைத்தேன். அது தேறவில்லை.

நாலு தடவை வைத்துப் பார்த்தேன். திருப்பி வைத்துப் பார்த்தேன். பள்ளம் இருக்கிறது, ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. தடிமனை அளந்தேன், சரியாக இருந்தது. தூள் குறைந்தால்தான் இப்படி வரும். இல்லை, கலவை சரியாகப் பரவாமல் போனாலும் வரலாம். உன் மிக்ஸிங் ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். எப்போதும் போடுகிற எடைதான் எழுதியிருக்கிறது. ஆனால் ரெஜிஸ்டரில் எழுதியிருப்பதை நம்பச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அந்த மூன்றாவது பேட்சில் என்ன செய்தாய், ஸ்டெல்லா? இரண்டு பேட்ச் போனதும் உன் மேலேயே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டதா? கூடப் போட்டேன் என்கிறார்களே, கொஞ்சம் குறைத்துத்தான் பார்ப்போமே என்று ஒரு தட்டு எடுத்துவிட்டாயா? எடுத்ததை எழுதப் பயந்தாயா? அப்படியென்றால் அந்தத் தட்டை எடுக்க வைத்தவள் நான். இல்லை, அது வேறெங்கோ நடந்த வேறொரு தப்பா? சாப்பிடும்போது விரலை மடக்கி எண்ணினாயே, அந்த ஒரு தட்டைத்தான் தேடினாயா? கூடப் போட்டாள் என்று உலகமே சொல்கிறது, நீ குறைத்துப் போட்டிருக்கிறாய் போலிருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாய். அந்த ஒரு நிமிஷம்தான் கிடைக்கவில்லை.

பாலாஜி சாரிடம் போனேன். ஜிகினாவை மேஜையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மாஸ்டர் பார்க்காததையும் சேர்த்து. அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாம்மா இது, இப்ப போய் கெளப்பற. அவங்களே இல்ல. கஸ்டமருக்கு ரிப்போர்ட் போய் ஒரு வருஷம் ஆவப்போவுது. நீ மாஸ்டர் பாக்கலன்னு வெளிய தெரிஞ்சா அந்த வாரம் போன அத்தன சரக்கையும் கேள்வி கேப்பான். உன் வேல நிக்குமா? சொல்லு."

"அவ பேரு நிக்குதே சார், தப்பா."

"மூணாவது தேறல இல்ல? அப்ப பாதி தப்பு அவங்களுதுதானே?"

ஒரு நிமிஷம், கடவுளே, ஒரு நிமிஷம் அந்த வார்த்தை எனக்குச் சௌகரியமாக இருந்தது. பாதி உன்னுடையது என்றால் மீதியை நான் மென்று விழுங்கிவிடலாமே என்று தோன்றியது. இதையும் எழுதியே ஆக வேண்டும். என்னைப் பற்றி நீ நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அப்படியே வெளியே வந்து இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு ஷீட் வாங்க மிக்ஸிங் ரூமுக்குப் போனேன். உன் தங்கை ரீட்டா அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள், ஜூன் மாதத்தில் இருந்து. உன் மாதிரியே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தராசைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருந்த பெண் தூளை அள்ளிக் கொட்டினாள், முள் கொஞ்சம் தாண்டிவிட்டது. ரீட்டா அவள் தோளைத் தட்டிச் சிரித்தாள்.

"அய்ய, எட்றி எட்றி! ஸ்டெல்லா ஆயிடப் போவுது!"

எல்லோரும் சிரித்தார்கள். ரீட்டா திரும்பினாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

கை கழுவுகிற இடத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். திட்டத்தான் போனேன். அதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"நான் சேந்த மொத நாளே சொன்னாங்கக்கா. எங்க அக்கான்னு தெரியாம சொன்னாங்க. அப்பறம் தெரிஞ்சிடுச்சி. நான் உள்ள வந்தாலே பேச்சு நின்னுடும். யாரும் கூட ஒக்காந்து துன்ன மாட்டாங்க. ஒரு நாள் நானே சொல்லிட்டேன். எல்லாம் சிரிச்சாங்க. அதுலேந்துதான் என்னையும் சேத்துக்கினாங்க." பைப்பைத் திறந்தாள். "அவளுக்கு வலிக்கவா போவுதுக்கா? வேல வேணும் எனக்கு."

அங்கேயே சொல்லிவிட்டேன். ஜிகினா, மாஸ்டர், பாலாஜி சாரிடம் சொன்ன பொய், உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னது, தேறின இரண்டு, தேறாத ஒன்று. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அவ செய்யலன்னு சொன்னப்ப, நீ நம்புனியா?"

நம்பவில்லை, ஸ்டெல்லா. உன்னை ஆறு வருஷம் தெரியும், மிஷினைத்தான் நம்பினேன். தெரியாமல் செய்தது, மறந்து செய்தது என்று எதற்கு வேண்டுமானாலும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. இல்லை என்று தலையாட்டினேன். ரீட்டா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் எதிரே வந்தபோது என்னை மேடம் என்றாள். அது வரைக்கும் அக்கா.

மற்ற சமாச்சாரங்களையும் கேட்டுக்கொள். ஜெனிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. ரெட்டைச் சடையை அருள் அண்ணனே பின்னிவிடுகிறார், ஒன்று மேலே ஒன்று கீழே. உங்கள் மாப்பிள்ளை கணக்கில் கோழிமுட்டை வாங்கி வந்திருக்கிறார். சம்பந்தம் வேண்டாம் என்று பெண் வீட்டார் சொன்னால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். அடுத்த மாதம் ஆயுத பூஜை. கம்பெனிப் பிள்ளைகள் இப்போதே கலர் பேப்பர் பட்டியல் போடுகிறார்கள். டெஸ்டிங் ரூமில் பூ மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்கிறேன் என்றேன்.

நேற்றுக் காலையில் டெஸ்டிங் ரெஜிஸ்டரை எடுத்தேன். போன வருஷப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த வாரம் முழுக்க, சனிக்கிழமை தவிர, ஒவ்வொரு நாளும் "மாஸ்டர் சரி" என்று என் எழுத்து வரிசையாக நின்றது. ஒவ்வொன்றையும் சிவப்பு மையில் அடித்தேன். பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி, நேற்றைய தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். ரெஜிஸ்டரில் அடித்து எழுதினால் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பாலாஜி சாரிடம் நீட்டினேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். "திங்கக்கெழம பேசலாம்" என்று மூடி வைத்தார். இனி அவர் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் என் கையெழுத்து அங்கே இருக்கிறது. வேலை என்ன ஆகும் என்று தெரியாது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

இப்போது என் வாக்கைக் கேள். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால் எல்லோரும் போர்டு முன்னால் நிற்போமே, முந்தின நாள் தப்புகளைப் படிப்பார்களே, அங்கே நான் முன்னால் வந்து நின்று இதைச் சொல்வேன். ரீட்டா நிற்கும்போதே சொல்வேன். மூன்றாவது ஷீட்டைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்பேன். உனக்காக ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன், ஏற்கனவே சொன்ன பொய் போதும். அதற்குப் பிறகும் மிக்ஸிங் ரூமில் யார் வாயிலாவது தப்புக்குப் பெயராக உன் பெயர் வந்தால், அங்கேயே நிறுத்தித் திருத்துவேன். கம்பெனி கேட்டுக்குள் விடாவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று திருத்துவேன். பார்க்காமல் பார்த்தேன் என்று சொல்கிற தப்புக்கு இதுவரை அங்கே யாரும் பெயர் வைக்கவில்லை. என் பெயரை வைத்துக்கொள்ளட்டும்.

நீ சொன்னதை ஒரு வருஷம் கழித்து நம்புகிற,
உன் மாப்பிள்ளையின் அம்மா,
கோமதி